துண்டுச் சீட்டும் ஐ.பி.ஏ.வும்

ஒரு மாலை என் பெரியப்பா மகனுடைய பையன் வீட்டுக்கு வந்தான். கையில் பட்டுக்கோட்டை ஜெராக்ஸ் கடையில் எடுத்த சில தாள்கள், மழைத் தூறலில் ஓரம் நனைந்திருந்தன. "சித்தப்பா, ஐ.பி.ஏ. வந்துருச்சு. ஒரு தடவ படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றான். தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, சிவகங்கை பக்கத்துக் கிராமங்களில் இந்த மூன்றெழுத்துக்கு விளக்கம் தேவையில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்கு அந்நாட்டு மனிதவள அமைச்சு முன்கூட்டித் தரும் கொள்கையளவிலான ஒப்புதல் அது. அந்தத் தாளைக் காட்டித்தான் விமானம் ஏற வேண்டும், அதைக் காட்டித்தான் அங்கே இறங்க வேண்டும். பெர்மிட் அட்டை அதற்குப் பிறகு வரும்.

படித்துக்கொண்டே, "விண்ணப்பத்துல என்னென்ன கேட்டிருந்தாங்க?" என்று கேட்டேன். "நான் எங்க சித்தப்பா விண்ணப்பம் பாத்தேன்? பாஸ்போர்ட் காப்பி, டெஸ்ட் சர்டிபிகேட், போட்டோ எல்லாம் ஏஜெண்ட்கிட்ட குடுத்தேன். அவங்கதான் போட்டாங்க" என்றான்.

அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. சிங்கப்பூரின் சட்டப்படி வேலை அனுமதிக்குத் தொழிலாளி விண்ணப்பிக்க முடியாது. முதலாளியோ, அவர் அமர்த்திய உரிமம் பெற்ற முகவரோ மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் இருப்பது இவனுடைய பெயர், இவனுடைய பாஸ்போர்ட் எண், இவனுடைய உடம்பு செய்யப்போகும் வேலை. விண்ணப்பதாரர் வேறு ஒருவர். வெளிநாட்டு வேலை அனுமதியைப் பற்றி எழுதப்படும் வழிகாட்டிகள் பெரும்பாலும் என்னென்ன ஆவணம், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று வரிசையாகச் சொல்லிப்போகும். கூலித் தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் காகிதம் யாருடையது? கடலுக்கு அக்கரையில் தமிழர்கள் கூலி வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது.

1837இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு, கடல் கடந்து கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு சட்டம் போட்டது. புறப்படுகிறவரும் அவரை அனுப்பும் முகவரும் அரசு குறித்த அதிகாரி ஒருவர் முன்னால் நேரில் வர வேண்டும், வேலையின் நிபந்தனைகளை எழுத்தில் காட்ட வேண்டும், ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு மேல் போகக் கூடாது என்பவை அதன் முக்கியமான விதிகள். கல்கத்தாவுக்கென்று வந்த அந்தச் சட்டம் அதே ஆண்டில் சென்னைக்கும் பம்பாய்க்கும் விரிந்தது. அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீ போட்ட கைநாட்டுக்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியுமா? மொரிஷியஸ் கரும்புத் தோட்டம் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் கடல் பயணம் என்று அறியாதவர்கள் தெரியும் என்று தலையாட்டினார்கள். நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் குறை, எழுத்தைத் தொழிலாளியின் மொழியில், அவர் தங்கியிருக்கும் ஊரில், அவர் கையில் கொடுக்காமல் விட்டது. ஒப்பந்தம் அதிகாரியின் அலமாரிக்குப் போயிற்று, ஆள் கப்பலுக்குப் போனார்.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன தமிழர்களின் கதை இதிலிருந்து கொஞ்சம் விலகி நடந்தது. அங்கே கங்காணி முறை. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, சொந்தத்திலும் பக்கத்துத் தெருவிலும் ஆள் சேர்த்துக் கூட்டிப் போவார். வழிச்செலவு, சோறு, துணி என்று அவர் கொடுத்ததெல்லாம் ஆள் பேரில் கடனாக ஏறும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கடனிலிருந்து ஒரு காகிதம் பிறந்தது. அதன் பெயர் துண்டு. ஆங்கில ஆவணங்களிலும் அதே தமிழ்ச் சொல்தான் எழுதப்பட்டிருக்கிறது. இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் எனக்கு இவ்வளவு ரூபாய் தர வேண்டும், அதைக் கட்டிவிட்டால் இவர்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அந்தத் துண்டோடு அடுத்த தோட்டத்துக்குப் போவார். ஆள் தட்டுப்பாட்டில் இருக்கும் அடுத்த துரை பணத்தைக் கட்டி மொத்த ஆட்களையும் வாங்கிக்கொள்வார். கை மாறும்போது தொகையும் கூடும். சீட்டில் எழுதியிருக்கும் தொகையில் தன் பங்கு எவ்வளவு என்று கொழுந்து பறித்த பெண்ணுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போகிறவர்களின் கழுத்தில் சிறிய தகர வில்லை ஒன்றைக் கட்டினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்பதைக் காட்டும் குறியீடும் எண்ணும் அதில் அடித்திருக்கும். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பு முடித்து, கப்பல் ஏறி, ரயில் ஏறி, மலைக்குப் போகிற வழி நெடுக அந்த எண்தான் ஆளின் அடையாளம். தகர வில்லைக்குச் செலவு செய்தது தோட்டம், வில்லை சொன்னதும் தோட்டத்தின் பெயரைத்தான். இன்றைய பெர்மிட் அட்டையில் தொழிலாளியின் பெயரோடு முதலாளியின் பெயரும் அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வில்லை நினைவுக்கு வருகிறது. ஒப்பீட்டை நீட்டிக்கொண்டே போக நான் விரும்பவில்லை. இன்றைக்குச் சட்டம் இருக்கிறது, வங்கிக் கணக்கில் சம்பளம் வருகிறது, போன் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் ஒரு நாட்டில் இருப்பதற்கான உரிமையை ஒரு முதலாளியின் பெயரோடு கோக்கும் முடிச்சு அப்படியே இருக்கிறது.

துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் 43ஆம் எண் சட்டம் ஒழித்தது. மலேயாவில் அதற்கு முன்பே, 1907இல், தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். ஆட்கள் வேலை செய்த நாள் கணக்கைப் பார்த்துத் தோட்ட முதலாளிகள் எல்லோரும் அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களிலிருந்து புறப்பட்டவர்களின் கப்பல் கட்டணம் அந்த நிதியிலிருந்து போயிற்று. கங்காணிக்கு உரிமம் உண்டு, கிராம முன்சீப்பின் முன்னால் ஆளை நிறுத்தி ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற விதியும் பின்னால் வந்தது. அந்த நிதி தொழிலாளியின் நன்மைக்காக மட்டும் உருவானதில்லை. ஒரு தோட்டம் செலவழித்துக் கூட்டிவந்த ஆளை இன்னொரு தோட்டம் இழுத்துக்கொள்கிறதே என்ற முதலாளிகளின் சண்டையைத் தீர்க்கத்தான் அது வந்தது. ஆனாலும் அதன் விளைவு கவனிக்கத்தக்கது. கப்பல் கட்டணம் தொழிலாளியின் தலையில் கடனாக விழவில்லை.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். கட்டுமான வேலைக்கு ஒருவரை அழைக்கும் முதலாளி மாதாமாதம் அரசுக்கு ஒரு தீர்வை கட்ட வேண்டும். நம் ஆட்கள் லெவி என்பார்கள். 2024 ஜனவரி முதல், அடிப்படைத் திறன் உள்ள இந்தியத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் 900 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அனுபவமும் கூடுதல் தேர்ச்சியும் பெற்று உயர் திறன் பட்டியலுக்கு மாறினால் 500 வெள்ளி. அறுநூறு வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் போகிற ஒருவரை எடுத்துக்கொண்டால், இரண்டு ஆண்டில் அடிப்படைச் சம்பளமாக அவர் பெறுவது 14,400 வெள்ளி. அவருக்காக அரசுக்குப் போவது 21,600 வெள்ளி. அவருடைய உழைப்புக்கு முதலாளி கொடுக்கத் தயாராக இருக்கும் விலையில் பெரும்பங்கு அவர் கைக்கு வராமலே போகிறது. 1907இன் நிதி முதலாளியிடம் வாங்கித் தொழிலாளியின் பயணத்துக்குச் செலவழித்தது. இன்றைய தீர்வை அரசின் வருவாயில் சேர்கிறது, பயணச் செலவையும் முகவர் பணத்தையும் தொழிலாளி நகையை அடகு வைத்துக் கட்டுகிறார். உள்ளூர்க்காரர்களின் வேலையைக் காப்பதற்கும், வெளிநாட்டுக் கூலியை மலிவாகக் கருதி நிறுவனங்கள் பழகிவிடாமல் இருப்பதற்கும் தீர்வை தேவை என்பது சிங்கப்பூர் அரசின் வாதம். அந்த நாட்டின் பார்வையில் அதற்கு நியாயம் இருக்கிறது. அதன் பாரம் கடைசியில் எங்கே போய் இறங்குகிறது என்பதை நம் ஊர் அடகுக் கடைகளில் பார்க்கலாம்.

தீர்வையோடு ஒதுக்கீடும் உண்டு. கட்டுமானத் துறையில் ஒரு நிறுவனம் முழுநேர உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஐந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களைத்தான் வைத்துக்கொள்ளலாம். 2024க்கு முன்பு அது ஏழாக இருந்தது. எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிவிட்டால் பெர்மிட் என்பதே விலை உள்ள பொருளாகிவிடுகிறது. ஒதுக்கீட்டைக் கையில் வைத்திருக்கும் சில நிறுவனங்கள், வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடமே பணம் வாங்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். அது அங்கே கடுமையான குற்றம். வெளிநாட்டுத் தொழிலாளியிடம் வேலைக்காகப் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் பணம் சிங்கப்பூரில் கை மாறுவதில்லை. மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ ஒரு வீட்டுத் திண்ணையில், ரசீது இல்லாமல், கட்டுக் கட்டாகக் கை மாறுகிறது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் என்ற கணக்கில்தான் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாம். நம் ஊர்த் திண்ணைக்கு அந்த விதி எட்டாது.

நம் நாட்டுச் சட்டம் எட்ட வேண்டாமா? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான் வாங்கலாம், ரசீது கொடுத்தாக வேண்டும். இதைப் படித்துக் காட்டியபோது என் அண்ணன் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் கொடுத்தது லட்சங்களில். யாரிடம் என்பதை இங்கே எழுத நான் விரும்பவில்லை. அவனைப் போலக் கொடுத்தவர்கள் எங்கள் தெருவில் மட்டும் எத்தனையோ பேர்.

அந்தச் சட்டத்தின் இன்னொரு பகுதியைச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று அச்சிட்டிருக்கும். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்று சொல்வார்கள். அந்தப் பாஸ்போர்ட்டோடு சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது, இப்போது எல்லாம் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக நடக்கிறது. ஒப்பந்தம், சம்பளம், காப்பீடு எல்லாம் அங்கே பதிவாகும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டில் இரண்டாண்டுக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் பத்து லட்சம் ரூபாய் கிடைக்கும். 1837இன் அதிகாரி கேட்ட கேள்வியைக் கேட்க ஓர் இடம் இன்னும் இருக்கிறது என்று இதைப் பார்க்கலாம். ஆனால் சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறிவிட்டால் சவூதிக்குப் போகிறவருக்கும் இந்த அனுமதி தேவையில்லை. பத்தாவது தேறியவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்பது சட்டத்தின் எண்ணம். தமிழ்நாட்டில் இன்று வேலைக்குப் போகும் இளைஞர்களில் பத்தாவது தேறாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படிப்பு கூடக் கூட, சட்டத்தின் குடைக்குக் கீழே வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். பதிவு இல்லாத தரகர்கள் எந்தப் பயமும் இல்லாமல் நடமாடுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பையனின் கதைக்குத் திரும்புகிறேன். ஐ.பி.ஏ. வருவதற்கு முன்னால் அவன் டெஸ்ட் அடிக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்கு இந்தியாவிலிருந்து போகிறவர், அந்நாட்டுக் கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்ற தேர்வு ஒன்றில் தேறியிருக்க வேண்டும். கம்பி கட்டுதல், சென்ட்ரிங், பூச்சு, டைல்ஸ், பிளம்பிங், மின்வேலை என்று பல பிரிவுகள். அவன் எடுத்தது கம்பி. மையத்தின் தங்குமிடத்தில் மாதக்கணக்கில் கிடந்தான். காலையில் எழுந்து வரைபடம் பார்த்து, அளவெடுத்து, கம்பியை வளைத்து, கட்டுக்கம்பியைக் கொக்கியால் முறுக்கிக் கட்டுவான். மாலையில் கட்டியதை எல்லாம் அவிழ்ப்பான். மறுநாள் மறுபடியும் கட்டுவான். குறித்த நேரத்துக்குள், குறித்த இடைவெளியில், ஒரு முடிச்சும் தளராமல் கட்டினால்தான் தேர்ச்சி. விரல் நுனியெல்லாம் தழும்போடு ஊருக்கு வந்தபோது, "கண்ண மூடிக்கிட்டுக் கட்டுவேன் சித்தப்பா" என்றான். அந்தப் பெருமையில் பொய் இல்லை. விண்ணப்ப நடைமுறை முழுவதிலும் அவன் கையால் நடந்த ஒரே காரியம் அந்தக் கம்பிக் கட்டுதான்.

தேர்ச்சிச் சான்று அவன் பெயரில் இருந்தது. ஆனால் சான்று பெர்மிட்டாக மாற முதலாளி வேண்டும், முதலாளியைக் காட்ட முகவர் வேண்டும். சான்றோடு மாதக்கணக்கில் காத்திருக்கும் பையன்களைக் குறிவைத்துத்தான் தரகர்கள் வருகிறார்கள். டெஸ்ட்டுக்கு ஏற்கெனவே வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. வட்டி ஓடும்போது சம்பளத்தைப் பற்றிப் பேரம் பேச யாருக்கும் வாய் வராது.

இப்போது அந்தத் தாள்கள். ஐ.பி.ஏ.வை ஆங்கிலத்தோடு தொழிலாளியின் தாய்மொழியிலும் கொடுக்க வேண்டும், அவர் ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே கையில் சேர்க்க வேண்டும் என்று சிங்கப்பூர் விதி சொல்கிறது. தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால், நம் ஆட்களுக்குத் தமிழில் வருகிறது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, தங்குமிடம் உண்டா என்பதெல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். ஐக்கிய அரபு அமீரகமும் 2016 தொடக்கத்திலிருந்து இதைப் போன்ற ஒன்றைச் செய்கிறது. வேலைக்கான முன்மொழிவுக் கடிதத்தை அரபு, ஆங்கிலம் தவிரத் தொழிலாளிக்குத் தெரிந்த இன்னொரு மொழியிலும் தர வேண்டும். அதற்கென ஏற்ற மொழிகளில் தமிழும் இருக்கிறது. 1837இல் நிகழாமல் போனது, ஏறக்குறைய 180 ஆண்டு கழித்து நிகழ்ந்திருக்கிறது. இதைச் சிறிய விஷயமாக நான் கருதவில்லை. தன் மொழியில் எழுதிய ஒப்பந்தத்தைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்க முடிகிற முதல் தலைமுறைக் கூலித் தொழிலாளி இவன்தான்.

அவன் விரல் வைத்துப் படித்தான். அடிப்படைச் சம்பளம் என்ற இடத்தில் நின்றான். தரகர் சொன்ன தொகை அங்கே இல்லை. கேட்டால், "ஓ.டி.யோட சேத்து அவ்ளோ வரும்டா" என்று பதில் வந்ததாம். மிகைநேர வேலை ஒருவேளை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதற்குக் காகிதத்தில் உறுதி இல்லை.

வாய்ச்சொல்லுக்கும் காகிதத்துக்கும் இடையே இப்படி வித்தியாசம் வந்தால் எதை நம்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2017இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஒரு சம்பள வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐ.பி.ஏ.வில் எழுதியிருந்த அடிப்படைச் சம்பளத்தைவிடக் குறைத்துக் கொடுத்த முதலாளி, தனி ஒப்பந்தத்தைக் காட்டி, பேசியதே இவ்வளவுதான் என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அமைச்சிடம் சம்பளம் இதுதான் என்று அறிவித்து அனுமதி வாங்கியவர் முதலாளி, ஆகவே ஐ.பி.ஏ.வில் உள்ள தொகையே உண்மையான சம்பளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அது தவறு என்று காட்டும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது என்றது. விண்ணப்பம் எழுதியது முதலாளி என்பதே அங்கே தொழிலாளிக்குப் பலமாக மாறியது. அந்தத் தீர்ப்பின் அருமை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? விமானம் ஏறியதும் அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, பெர்மிட் அட்டை வந்ததும் தூக்கி எறிந்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆளை முதலாளியின் பெயரோடு கோக்கும் முடிச்சுக்கு வளைகுடாவில் கஃபாலா என்று பெயர். அரபியில் அதற்குப் பிணை, பொறுப்பேற்பு என்று பொருள். கஃபீல்தான் பிணையாளி. அவர் பெயரில்தான் விசா, அவர் எழுதிக்கொடுத்தால்தான் இகாமா என்ற குடியிருப்பு அனுமதி. வேறு வேலைக்கு மாற அவர் தடையில்லாச் சான்று தர வேண்டியிருந்தது. என்.ஓ.சி. என்று நம் ஆட்கள் சொல்லும் அந்தச் சீட்டைப் பற்றிப் படிக்கும்போது, இலங்கைத் தோட்டத்துத் துண்டைத் தவிர வேறு எதை நினைக்க முடியும்? துண்டில் கடன் தொகை எழுதியிருந்தது. என்.ஓ.சி.யில் தொகை எழுதுவதில்லை, ஆனால் அதற்குப் பணம் கொடுத்தவர்கள் ஏராளம். 2020 செப்டம்பரில் கத்தார் என்.ஓ.சி. தேவையை எடுத்துவிட்டது. உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்துக்கான கட்டுமானத்தை உலகமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த மார்ச்சில் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளமும், முதலாளி தங்குமிடமும் உணவும் தராவிட்டால் முறையே 500, 300 ரியால் கூடுதலும் நடைமுறைக்கு வந்தன. அதே 2021 மார்ச்சில் சவூதி அரேபியாவும் சில பிரிவினருக்கு முதலாளி மாறும் வழியைத் திறந்தது. வீட்டு வேலைக்காரர்களும் வீட்டு ஓட்டுநர்களும் அந்தச் சீர்திருத்தத்தில் சேரவில்லை. நம் ஊரிலிருந்து சவூதிக்கு வீட்டு ஓட்டுநராகப் போனவர்களை நினைத்தால், விட்டுப்போனது சின்ன வட்டம் இல்லை.

சிங்கப்பூரிலும் ஒரு பிணை உண்டு. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். தொழிலாளி தலைமறைவானால் அந்தப் பணம் போய்விடும் என்ற பயத்தில், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சட்டத்துக்குப் புறம்பாக வளர்ந்தது. முதலாளி மாறும் வழியைச் சிங்கப்பூர் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறது. கட்டுமானத் தொழிலாளியின் பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதிய முதலாளி விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டு பெர்மிட் என்றால் 730 நாளில் இருபது நாள். அந்த இருபது நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, முன்கூட்டியே விசாரித்து, நல்ல நிறுவனத்துக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும். முதல் பயணத்தில் ஏமாந்து, இரண்டாவது பெர்மிட்டில் நிமிர்ந்தவர்கள் அவர்கள். மறுபடியும் ஊருக்கு வந்து மறுபடியும் தரகருக்குப் பணம் கட்டும் சுழலிலிருந்து தப்பிக்க இருக்கும் முக்கியமான கதவு இது. இதை விட்டவர்கள் "பெர்மிட் கேன்சல்" என்ற இரண்டு சொல்லோடு பெட்டியைக் கட்டுகிறார்கள்.

பெர்மிட்டே இல்லாமல் போகிறவர்களைப் பற்றியும் சில வரி சொல்லியாக வேண்டும். வளைகுடாவுக்கு வருகை விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனவர்கள் உண்டு. ஆசாத் விசா என்று பெயர் சொல்லி விற்கப்படும் விசாவில், காகிதத்தில் ஒரு கஃபீல் இருப்பார், வேலை வேறு எங்கோ இருக்கும். சோதனையில் சிக்கினால் குற்றவாளி தொழிலாளிதான். 2022 முதல் இன்னும் கொடுமையான ஒன்று நடந்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைக்கப்பட்டு, சுற்றுலா விசாவில் பாங்காக் இறங்கிய இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் இருந்தார்கள். இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் தலையிட்டு மீட்டுவர வேண்டியிருந்தது. சுற்றுலா விசாவில் எந்த நாட்டிலும் வேலை செய்ய முடியாது என்ற ஒரே ஒரு தகவல் போதும் அந்தப் பையன்களைக் காப்பதற்கு. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, விசாவை வாங்கிக் கொடுத்தவர்கள் மறைத்தார்கள்.

தமிழ்நாடு அரசுக்கு 1978இலிருந்தே அயல்நாட்டு மனிதவளக் கழகம் என்ற நிறுவனம் இருக்கிறது. பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தளத்தில் பெர்மிட் விண்ணப்பத்தின் நிலையைத் தொழிலாளியே சரிபார்க்கலாம். விண்ணப்பம் போட முடியாதவருக்கு, போட்ட விண்ணப்பத்தைப் பார்க்கும் உரிமையாவது இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் பொய் ஐ.பி.ஏ.க்களை இப்படி ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு டெஸ்ட் மையத்தின் வாசலிலும் இந்த மூன்று விஷயத்தையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லி அரசு ஆணை போட்டால் என்ன? கம்பி கட்டக் கற்றுக்கொடுக்கும் இத்தனை மாதத்தில், ஒரே ஒரு பிற்பகல் ஐ.பி.ஏ. படிக்கக் கற்றுக்கொடுத்தால் என்ன? முதல் முறையாகச் சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த நாடு 2018 முதல் ஒரு நாள் அறிமுக வகுப்பைத் தாய்மொழியில் நடத்துகிறது, உரிமைகளையும் சொல்லித்தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இறங்கிய பிறகு நடக்கிறது. கடன் ஏறுவது இங்கே, ஏறுவதற்கு முன்னால்.

பையனின் தாளை அன்று இரவு நாங்கள் இருவரும் வரி வரியாகப் படித்தோம். முதலாளியின் பெயர், முகவரி, அடிப்படைச் சம்பளம், பிடித்தம் என்று ஒவ்வொன்றையும் அவன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். அமைச்சின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுப் பார்த்தோம். விண்ணப்பம் உண்மையானது என்று வந்தபோது அவன் முகம் தெளிந்தது. பெர்மிட் வந்ததும் அது முடியும் தேதியைப் பார்த்து, அதற்கு 40 நாள் முன்பிருந்து 21 நாள் முன்பு வரை உள்ள தேதிகளைக் குறித்து வை என்று சொன்னேன். அந்த இடத்துக்கு நோட்டில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டான்.

மறுநாள் காலை ஐ.பி.ஏ.வை இன்னும் இரண்டு நகல் எடுத்து வந்தான். ஒன்று என்னிடம். இன்னொன்றை அவன் அம்மா, ரேஷன் கார்டும் அடகு ரசீதும் இருக்கும் பாலித்தீன் உறைக்குள் வைத்து, அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினார். "இதுல எது சம்பளம் தம்பி?" என்று மகனிடம் கேட்டார். அவன் உறையை மறுபடி வெளியே எடுத்து, அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.